சத்தம் போடாதவர்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டால், யார் இல்லாவிட்டால் வேலை கெடாதோ அவர்களைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பயிற்சி எதைப் பற்றியது என்று யாரும் படிப்பதில்லை. தீயணைப்புப் பயிற்சிக்கு ஓய்வு பெறப்போகிற காசாளரை அனுப்பினார்கள். கணினிப் பயிற்சிக்கு ஜீப் ஓட்டுநரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, சாப்பாடு பிரமாதம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் டோக்கன் அக்காவையும் என்னையும் இந்தப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அக்கா அப்போது பதிவறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் வாயாடி, ஒரு நாள் வராவிட்டால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். பயிற்சியின் தலைப்பு, 'குறிவைத்துச் செய்யப்படும் வன்முறையின் முன்னறிகுறிகளை முன்வரிசைப் பணியாளர்கள் கண்டறிதல்.' அனுப்பியவர் இந்தத் தலைப்பை ஒரு முறை படித்திருந்தால், ஊரில் வேறு யாரை அனுப்பினாலும் எங்கள் இரண்டு பேரை அனுப்பியிருக்க மாட்டார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வேலை பார்ப்பது குடிநீர் வழங்கல் அலுவலகம். தரைத்தளத்தில் நீளமான கவுண்டர், வரிசையாகச் சன்னல்கள். தண்ணீர் வராதவர்கள், நாறும் தண்ணீர் வருகிறவர்கள், வராத தண்ணீருக்குக் கட்டணம் வந்தவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்பது எங்கள் முன்னால்தான். ஒழுங்காகத் தண்ணீர் வருகிறவர்கள் எங்களைப் பார்க்க வருவதில்லை. ஆகவே எங்கள் காதில் விழுவது பெரும்பாலும் வசவு. ரொம்பக் கத்துகிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. கை மாத்தறது என்போம். என்னிடம் கத்துகிறவரை நான் அடுத்த சன்னலுக்கு அனுப்புவேன், அவர் அதற்கடுத்ததற்கு அனுப்புவார், கடைசியில் எல்லோரும் போய்ச் சேருவது டோக்கன் அக்காவிடம். எண் சீட்டுக் கொடுப்பது மட்டும்தான் அக்காவின் வேலை. யாருடைய குறையையும் கேட்க வேண்டிய அவசியம் அவருக்குக் கிடையாது. ஆனால் அவர் முகம் அப்படி. "உக்காருங்க, முதல்ல மூச்சு விடுங்க" என்பார். தன் பிளாஸ்க் மூடியில் பாதி டீ ஊற்றி நீட்டுவார். கத்தியவர் குடித்துவிட்டுத் தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்.

வழக்கமாகக் கத்துகிறவர்களுக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அதில் ஒருவருக்கு நியாயம் என்று பெயர். எதைப் பேசினாலும் "எனக்கு நியாயம் வேணும்" என்றுதான் தொடங்குவார். அவர் தலை வாசலில் தெரிந்ததும், நியாயம் வந்தாச்சு என்று சன்னலுக்குச் சன்னல் செய்தி போகும், நாங்கள் சிரித்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் துண்டிக்க வேண்டிய இணைப்பை அவர் வீட்டில் துண்டித்துவிட்டார்கள். அது திருத்தப்படுவதற்குள், வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு மாடியேறிய அவர் மனைவி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். முதலில் அவர் அலுவலகம் முழுவதையும் திட்டினார். பிறகு மீட்டர் பிரிவைத் திட்டினார். பிறகு அந்தப் பிரிவின் அதிகாரியான மீட்டர் சாரை மட்டும் திட்டினார். மாதக்கணக்கில் இது நடந்தது.

ஒரு நாள் அவர் கத்தாமல் வந்தார். முடி வெட்டி, தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு சன்னலிலும் நின்று வணக்கம் சொன்னார். "உங்களையும் நெறைய பேசிட்டேன்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று என்னிடம் சொன்னார். எங்களுக்கெல்லாம் அப்பாடா என்று இருந்தது. அக்கா அவருக்கு டீ கொடுத்தார். மீட்டர் சாரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்போது வெளியே வருவார் என்று அவர் கேட்டார். சாருக்குச் சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார், பின்வாசல் வழியாகப் போவார் என்று அக்கா சொன்னார். எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். அன்று மதியம் பின்வாசலில் மீட்டர் சார் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார்.

விசாரணை நடந்து, ஊழியர் யார் மீதும் தவறில்லை என்று முடிந்தது. அக்காவை ஓய்வுக்காக என்று சொல்லிப் பதிவறைக்கு மாற்றினார்கள். அக்கா அழவில்லை. யாரையும் திட்டவில்லை. கேட்டால் பதில் சொல்வார், கொடுத்தால் சாப்பிடுவார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பார்களே, அதுபோல நானும் சில சமயம் மீட்டர் சாரை நினைத்துப் பார்ப்பேன், ஏதாவது உறைக்கிறதா என்று. ஒன்றும் உறைக்காது. ஆனால் எனக்குக் கோபம் மிச்சமிருந்தது, அதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்காவிடம் அதுவும் இல்லை. பழைய அக்கா திரும்பி வருவாரா மாட்டாரா என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை.

அக்கா வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் சீட்டைக் குடுக்கச் சொல்லு. அங்க உக்காந்தா சரியாயிடுவேன்." இதை எங்கள் பிரிவுத் தலைவரிடம் நான் போய்ச் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. தும்மினாலும் அதற்கு ஒரு சுற்றறிக்கை காட்டுவார். இனிமேல் கவுண்டரில் உட்காருகிற யாருக்கும் இந்தப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று ஒன்றைக் காட்டினார். "அவங்கள அனுப்பலாமே. பதிவறையில சும்மாதானே இருக்காங்க" என்று அவரே வழியும் சொன்னார். எனக்கும் அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பயிற்சி நடந்தது ஒரு வாடகைக் கூடத்தில். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டிய தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்த எனக்கு அந்த வாளியைப் பார்க்கக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பேருந்து நடத்துநர்கள், மருத்துவமனை வாசல் காவலர்கள், நூலகத்தில் வேலை பார்க்கிற பெண்கள், தபால் ஊழியர்கள் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் ஒரு இளம் மேடம். கெட்டிக்காரி, பொறுமைசாலி. தூங்குகிறவர்களை எழுப்ப ஒரு டப்பா நிறைய சாக்லேட் வைத்திருந்தார். சரியாகப் பதில் சொன்னால் ஒன்று கிடைக்கும்.

ஒவ்வொருவராக எழுந்து எங்கே வேலை என்று சொன்னோம். அக்கா, "குடிநீர் அலுவலகம், டோக்கன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊரில் குடிநீர் அலுவலகத்துக்கு ஏகப்பட்ட கிளைகள். மேடம் தலையாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

காலையில் மேடம் அறிகுறிகளைச் சொன்னார். ஒரு நடத்துநர் எழுந்து, "மேடம், எங்க பஸ்ல தினம் எவனாவது கொன்னுடுவேன்னு சொல்றான். எல்லாரையும் பிடிச்சுக் குடுத்தா வண்டி காலியாத்தான் ஓடும்" என்றார். கூடம் சிரித்தது. மேடமும் சிரித்தார்.

"கத்துறவங்க எல்லாரும் செய்யிறதில்ல," என்றார். "கத்துறது கோபம் வெளிய போற வழி. நீங்க கவனிக்க வேண்டியது வேற. எல்லார் மேலயும் இருந்த கோபம் ஒரே ஆள் மேல வந்து நிக்குதா? அந்த ஆள் எப்ப வர்றார், எப்ப போறார்னு விசாரிக்கிறாரா? இனிமே வேற வழியில்லன்னு பேசுறாரா? கணக்கு வழக்கெல்லாம் முடிக்கிற மாதிரி எல்லார்கிட்டயும் விடைபெறுறாரா? ரொம்ப நாள் கொதிச்சவர் திடீர்னு அமைதியாயிட்டாரா?"

அவர் சொல்லச் சொல்ல நான் அக்காவைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் எங்கள் கவுண்டரில் நடந்தது. கோபம் சுருங்கிக்கொண்டே வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் இப்போது என்னைத் திட்டுவதில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்தார்கள். "இப்ப ஒரு வீடியோ பார்க்கப் போறோம். உண்மையில நடந்தது. முகமெல்லாம் மறைச்சிருக்கு. இதுல அந்தப் பணியாளர் என்னென்ன தப்பு பண்றார்னு நீங்க கண்டுபிடிக்கணும்" என்றார் மேடம்.

திரையில் எங்கள் கவுண்டர் வந்தது.

முகங்களைக் கலங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் ஒரு மனிதரை முகம் மட்டுமா காட்டிக்கொடுக்கும்? அக்கா கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். திரையில் இருந்த கையிலும் அது உள்பக்கமாகத்தான் இருந்தது. ஓரத்துச் சன்னலில் ஒருத்தி யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அது நான். வீடியோவில் சத்தம் இல்லை. பேசியதெல்லாம் கீழே எழுத்தில் வந்தது. விசாரணையில் அக்கா தன் வாயால் சொன்னவற்றை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

எனக்கு எழுந்து படம் காட்டிய கருவியின் வயரைப் பிடுங்கிப் போட வேண்டும் போல இருந்தது. எழுந்தும்விட்டேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வாயைத் திறக்காதே."

"அக்கா, இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு? வாங்க வெளிய போலாம்."

"நான்தான்னு தெரிஞ்சா பாவம் பார்ப்பாங்க. மறுபடி பதிவறைக்கு அனுப்பிடுவாங்க. எனக்குச் சான்றிதழ் வேணும். உக்காரு."

உட்கார்ந்தேன். மேடம் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். கூடத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலையில் தூங்கியவர்கள்கூடக் கையைத் தூக்கினார்கள். ஒரு தபால்காரர், "சட்டையைப் பாருங்க, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கான், அந்தம்மா கவனிக்கல" என்றார். அவருக்கு ஒரு சாக்லேட். நூலகப் பெண், "அவர் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றார், அது விடைபெறுறது" என்றார். அவருக்கும் ஒன்று. ஒரு காவலர், "அந்தம்மா உக்காரவெச்சு டீ வேற ஊத்திக் குடுக்குது பாரு" என்றார். பலர் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களுக்குத் தெரியாத யாரோ ஒரு அசட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காவலரை மட்டும் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நான் கையைத் தூக்கினேன். "மேடம், மாசக்கணக்குல கத்துன ஆள் ஒரு நாள் அமைதியா வந்தா யாருக்குத்தான் சந்தோஷமா இருக்காது? தினமும் வசவு வாங்கிப் பாருங்க, அப்பத் தெரியும்."

"ரொம்பச் சரி," என்றார் மேடம், உண்மையான மகிழ்ச்சியோடு. "அதுதான் நம்ம தொழில்ல இருக்கிற ஆபத்து. சத்தம் போடாதவங்கதான் நல்லவங்கன்னு நாம பழகிட்டோம்." என்னிடமும் ஒரு சாக்லேட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் அதை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

"முக்கியமான தப்பை இன்னும் யாரும் சொல்லல" என்றார். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு கை மேலே போனது. கைக்கடிகாரம் உள்பக்கமாகக் கட்டிய கை.

"சொல்லுங்கம்மா. காலையிலிருந்து நீங்க பேசவே இல்லியே."

அக்கா எழுந்து நின்றார். "அவர் எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியா வெளிய போவார்னு அந்தம்மா சொல்லியிருக்கக் கூடாது."

"அதேதான். எல்லாரும் இவங்களுக்குக் கை தட்டுங்க."

கூடம் கை தட்டியது. கேலி செய்த காவலரும் தட்டினார். சுற்றி எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் எங்களைப் பார்ப்பார்கள் என்று பயந்து நானும் தட்டினேன். என் கைகளில் சத்தம் வந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அக்கா "நன்றி மேடம்" என்று சொல்லிச் சாக்லேட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் தாளைப் பிரித்து அதை வாயில் போட்டுக்கொண்டார். கரையும்வரை மென்று தின்றார்.

மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். பேருந்தில் வரும்போது அக்கா அதை மடங்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஏதேதோ சொன்னேன். அந்த மேடத்தைத் திட்டினேன், சுற்றறிக்கையைத் திட்டினேன், நாட்டையே திட்டினேன். அக்கா, "நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார்.

அக்காவுக்கு அவருடைய இடம் கிடைத்தது. கவுண்டருக்கு அடியில் ஆபத்தென்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். வாசலில் பை சோதிக்க ஒரு காவலாளியைப் போட்டார்கள். அமைதியாக வருகிறவர்களைக் கவனிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை சார் ஒரு சுற்றறிக்கை விட்டார். அதன் பலன், சாதுவாக வந்த ஓய்வூதியக்காரர்களின் பையையெல்லாம் தலைகீழாகக் கொட்டினார்கள். கொஞ்ச நாளில் பொதுமக்கள் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டார்கள். வாசலிலேயே இரண்டு வசவு விட்டுக்கொண்டு வந்தால் காவலாளி தொந்தரவு செய்வதில்லை என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. என்னிடம் வந்த ஒரு பெரியவர், "மன்னிச்சுக்கோ தாயி, உள்ள வர்றதுக்காகக் கத்துனேன்" என்று சொல்லிவிட்டு, ரசீதை நீட்டினார். இதையெல்லாம் அக்காவிடம் சொல்வேன். முதலில் அவர் முகம் அசையவில்லை.

பிறகு மெல்ல மெல்ல அசைந்தது. ஒரு நாள் சிரித்தார். மறுநாள் தானாகவே பேச்சை எடுத்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, எண் சீட்டு இயந்திரத்தில் தாள் மாட்டுவது, அது சிக்கிக்கொண்டால் எடுப்பது, யார் யாரை எந்தச் சன்னலுக்கு அனுப்புவது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். யாரும் அவரைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. மீட்டர் சார் வீட்டுக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தார். இத்தனை நாள் அந்தத் தெருப்பக்கமே போகாதவர். "என்ன பேசினீங்க?" என்று கேட்டேன். "பேச வேண்டியதைப் பேசிட்டேன். அவங்க என்னைத் திட்டல" என்றார். முகம் தெளிந்திருந்தது.

கவுண்டர் முழுக்கச் சந்தோஷம். "அக்கா தேறிட்டாங்க" என்று காசாளர் சொன்னார். சுற்றறிக்கை சார்கூட, "பார்த்தீங்களா, சீட்டைக் குடுத்ததும் சரியாயிட்டாங்க" என்று தன் சுற்றறிக்கைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் எல்லோரையும்விட நிம்மதி. அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கவுண்டரில் ஒரே கூட்டம். ஒரு தெருவில் குழாய் உடைந்து, அந்தத் தெருவே வந்து நின்றது. அக்கா என் சன்னல் பக்கமாகப் போகும்போது நின்று, என் தோளில் கை வைத்தார். "எனக்காக நெறைய சண்டை போட்டிருக்கே. நான் ஒரு தடவைகூட நன்றி சொல்லல" என்றார். "அட போங்கக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா எனக்குப் பழக்கமானது. அது முன்பு எப்போது வந்தது என்று யோசிக்கும்போதே என் கை எழுதுவதை நிறுத்திவிட்டது. எதிரில் நின்றவர், "என்னம்மா, எழுது" என்றார். நான் எழுதவில்லை. கத்தி எடுத்துக்கொண்டு இன்னொருவரைத் தேடிப் போகிறவர்களைத்தான் பயிற்சியில் சொன்னார்கள். தன்னையே தேடிப் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது. சன்னலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அக்காவிடம் போனேன்.

அக்கா வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் காதருகில் கேட்டேன்.

"அக்கா, செத்துடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

இணைப்பு எண் கேட்கிற குரலில்தான் கேட்டேன். வேறு குரல் எனக்கு வரவில்லை. அக்கா அடுத்த ஆளுக்குச் சீட்டைக் கொடுத்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது.

"ஆமா" என்றார்.

"எப்ப?"

"என் பொண்ணு பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். நேத்து முடிஞ்சுது."

நான் கையை நீட்டி அவருடைய சன்னல் கதவை இழுத்துச் சாத்தினேன். வெளியே உடனே கூச்சல் எழுந்தது. காலையிலிருந்து தண்ணீர் இல்லாத தெரு அது, சும்மா இருக்குமா? கண்ணாடியைத் தட்டினார்கள், என் பரம்பரையை விசாரித்தார்கள்.

"கதவைத் திற. ஜனங்க நிக்கிறாங்க" என்றார் அக்கா.

"நிக்கட்டும்."

"திறன்னு சொல்றேன்ல."

"மாட்டேன்."

அக்கா எழுந்து கதவை இழுக்கப் பார்த்தார். நான் இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறினார். நான் விடவில்லை. அப்போதுதான் அக்கா கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நீ யாருடி என்னைக் கேக்குறதுக்கு? எவனெவன் கத்துனானோ அத்தனை பேரையும் என்கிட்டத்தானடி அனுப்பினீங்க. சிரிச்சுக்கிட்டு அனுப்பினீங்க. அத்தனை பேர் சொன்னதையும் நான்தான் கேட்டேன். எனக்கு ஒருத்தியாவது உக்காருன்னு சொன்னீங்களா? அவன் என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டான்டி. தங்கச்சின்னு கூப்பிட்டுட்டுப் போயி குத்தினான்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. என்னை நெஞ்சில் அடித்தார், தோளில் அடித்தார். வலித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு வலித்தது, அழுகை வந்தது. வெளியே கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். புதுப்பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

சுற்றறிக்கை சார் மாடியிலிருந்து ஓடி வந்தார். "என்ன இது, பொதுமக்கள் பார்க்குறாங்க. அவங்கள உள்ள கூட்டிட்டுப் போய் அமைதிப்படுத்துங்க."

"வேணாம் சார். அமைதிப்படுத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்க, அவங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அக்கா என்னைத் திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். நானும் அவர் எதிரில் உட்கார்ந்தேன். குரல் கம்மி, எச்சில் வழிந்து, மீட்டர் சாரையும் நியாயத்தையும் எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார். குரல் தணியும்போதெல்லாம் நான் பிடியை இறுக்கினேன். "இன்னும் சொல்லுங்கக்கா, கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். வண்டி வரும்வரை அவர் கத்திக்கொண்டிருந்தார், நான் அவர் மணிக்கட்டை விடவில்லை.